பறவைக்குக் கிளை இருக்கிறது. நமக்கு அறை எங்கே?
வேடந்தாங்கல், மாமல்லபுரம் போகும் குடும்பங்களுக்கு…

மாலை 5 மணி.

சூரியன் மேற்கே சாய்கிறது. வேடந்தாங்கல் ஏரிக்கரையில் ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். எல்லோருடைய கண்ணும் வானத்தில் இருக்கிறது.

அதோ! தொலைவில் கறுப்பாக ஒரு கோடு தெரிகிறது. கோடு நெருங்கி வருகிறது. அது கோடு அல்ல, பறவைக் கூட்டம்!

நத்தை குத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், கொக்கு, கூழைக்கடா என்று கூட்டம் கூட்டமாக வருகின்றன. இரை தேடப் போன பறவைகள் வீடு திரும்புகின்றன. ஒவ்வொன்றும் தன் மரத்தை, தன் கிளையை, தன் கூட்டை நேராகப் போய் அடைகிறது. ஒரு பறவைகூட இடம் தெரியாமல் தவிக்கவில்லை.

தவிப்பு எல்லாம் கரையில் நிற்கிறவர்களுக்குத்தான்.

"ஏங்க, இருட்டப் போகுதே! ராத்திரி எங்கே தங்கப் போறோம்?" என்று மனைவி கேட்கிறாள்.

கணவன் பதில் சொல்லாமல் விழிக்கிறான். குழந்தை தூங்கி விழுகிறது. பாட்டிக்குக் கால் வலிக்கிறது. ஊரில் கண்ணில் படும்படி ஒரு பெரிய லாட்ஜ் இல்லை.

இப்படித் தவிக்கும் குடும்பங்கள் பல. வேனுக்குப் பணம் சேர்த்துவிடுகிறார்கள். புளிச்சோறு கட்டிவிடுகிறார்கள். தங்கும் இடத்தைப் பற்றி மட்டும், "போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு வார்த்தையால் கைப்பணமும் கரைகிறது. பார்க்கப் போன காட்சியும் கை நழுவுகிறது.

தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி? இதைப் பறவைகளிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்!

பறவை பார்க்கும் மூன்று வசதி

வடகிழக்குப் பருவ மழை பெய்து ஏரி நிறைந்ததும் பறவைகள் வரத் தொடங்கும். நவம்பர் முதல் மார்ச் வரை கூட்டம் இருக்கும். நல்ல மழை பெய்த ஆண்டுகளில் பல்லாயிரம் பறவைகள் கூடும்.

எல்லாமே கடல் கடந்து வருகிறவை என்று பலர் நினைக்கிறார்கள். அது சரி அல்ல. இங்கே கூடு கட்டும் நாரை, கொக்கு, நீர்க்காகம் போன்றவை பெரும்பாலும் நம் நாட்டுப் பறவைகள்தான். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்ற வாத்துகள்தான் வட ஆசியாவிலிருந்து குளிருக்குத் தப்பி வருகின்றன. அவை இங்கே கூடு கட்டுவதில்லை. குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்பிப் போய்விடும்.

சுற்று வட்டாரத்தில் ஏரிகளுக்குப் பஞ்சம் இல்லை. இருந்தும் சுமார் 74 ஏக்கர் உள்ள இந்தச் சிறிய ஏரியைப் பறவைகள் ஏன் தேடி வருகின்றன?

முதல் காரணம், காவல். ஏரியின் நடுவே நீர்க்கடம்ப மரங்கள் இருக்கின்றன. மழைக்காலத்தில் அடிமரம் தண்ணீரில் நிற்கும். பூனையோ நரியோ எளிதில் நெருங்க முடியாது.

இரண்டாவது, சாப்பாடு. பக்கத்தில் வயல்களும் ஏரிகளும் நிறைய. மீன், நத்தை, தவளைக்குக் குறைவில்லை. காலையில் போய் இரை தேடிவிட்டு மாலையில் திரும்பிவிடலாம்.

மூன்றாவது, அமைதி. இங்கே துப்பாக்கிச் சத்தம் இல்லை. வெடிச் சத்தம் இல்லை.

காவல், சாப்பாடு, அமைதி. மூன்றும் இருந்தால்தான் பறவை கூடு கட்டும். ஏரி வற்றினால் அந்த ஆண்டு வேறு இடம் பார்த்துக்கொள்ளும். குடும்பத்தோடு போகிறவர்களும் இந்த மூன்றையும்தான் முதலில் பார்க்க வேண்டும். மின்விளக்கு அலங்காரமும் வாசலில் நிற்கும் பொம்மையும் பிறகு!

ஊரார் கொடுத்த அடைக்கலம்

வேடந்தாங்கல் என்றால் வேடர்களின் ஊர் என்று பொருள் சொல்வார்கள். தாங்கல் என்பது இந்த வட்டாரத்தில் சிறிய ஏரிக்குப் பெயர். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று எத்தனையோ ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன. வேட்டை ஆடியவர்களின் பெயரைத் தாங்கிய ஊர், வேட்டையைத் தடுத்த ஊராக மாறியதுதான் வேடிக்கை!

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே வந்து நாரைகளைச் சுட்டார்கள். ஊரார் கொதித்து எழுந்தார்கள். கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் லயோனல் பிளேஸ். "பறவைகளை யாரும் சுடக்கூடாது" என்ற ஊராரின் உரிமையை 1798இல் அவர் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டார்.

மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கோவில் இருக்கிறது அல்லவா? ஏரி உடையும் நிலையில் இருந்த இரவில், வில்லோடு நின்ற ராம லட்சுமணரைக் கரையில் கண்டதாகச் சொல்லப்படும் கலெக்டரும் இதே பிளேஸ்தான்.

பறவைகளை வைத்து ஊராருக்கு என்ன லாபம்? லாபம் இருக்கிறது. பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் விழுகிறது. அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது. எச்சத்தில் உள்ள தழைச்சத்து பயிருக்கு உரமாகிறது. தங்கிப் போகும் விருந்தாளி, வாடகையும் கொடுத்துவிட்டுத்தான் போகிறது!

ஊராரும் சும்மா இருக்கவில்லை. பறவைகள் பயப்படும் என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. மற்ற ஊர்க் குழந்தைகள் சரவெடி கொளுத்தும்போது இந்த ஊர்க் குழந்தைகள் பொறுத்துக்கொள்கிறார்கள். இது சின்ன விஷயம் அல்ல.

1936இல் இந்த ஏரி பறவைகளின் சரணாலயம் என்று அங்கீகாரம் பெற்றது. 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோ மீட்டர் தூரம் வரை சரணாலயம் என்று அறிவிக்கப்பட்டது. 2020இல் அந்த எல்லையில் மாற்றம் செய்ய ஒரு யோசனை எழுந்தபோது பறவை ஆர்வலர்களும் பொதுமக்களும் கடுமையாக எதிர்த்தார்கள். 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான 'ராம்சார்' பட்டியலில் வேடந்தாங்கல் இடம் பெற்றது. அருகில் உள்ள கரிக்கிலி ஏரியும் அதே ஆண்டில் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

பெரிய லாட்ஜ் ஏன் இல்லை?

"இவ்வளவு பேர் வருகிற ஊரில் நாலு மாடி லாட்ஜ் ஒன்று கட்டக்கூடாதா?" என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு.

கட்டினால் என்ன ஆகும்? விளக்கு வெளிச்சம் வரும். பாட்டுச் சத்தம் வரும். கார்கள் வரும். சாக்கடைத் தண்ணீர் வரும். கடைசியில் பறவை வராது!

வேடந்தாங்கலில் பெரிய விடுதி இல்லாதது ஒரு குறை அல்ல. பறவைக்கு அங்கே தங்க இடம் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இதைப் புரிந்துகொண்டால், "அறை கிடைக்கவில்லையே" என்ற கோபம் போய்விடும். "நாம் எங்கே தங்கலாம்?" என்று நிதானமாக யோசிக்கத் தோன்றும்.

கடற்கரை அறையும் காலிக் கூடும்

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், ஒரு பாட்டி. சென்னையில் வீடு. "கண் மூடுவதற்குள் வேடந்தாங்கல் பறவைகளை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்" என்பது பாட்டியின் ஆசை. குழந்தைகளுக்கு மாமல்லபுரம் கடற்கரை ஆசை.

அப்பா மாமல்லபுரத்தில் அறை எடுக்கிறார். வாடகை கொஞ்சம் கூடுதல். "கடல் தெரிகிற அறை" என்றார்கள். ஜன்னலில் எட்டிப் பார்த்தால் கடல் தெரிகிறது, உண்மைதான். எல்லோருக்கும் சந்தோஷம். மறுநாள் 8 மணிக்கு எழுந்து, குளித்து, இட்லி சாப்பிட்டு, 10 மணிக்குப் புறப்படுகிறார்கள்.

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு சுமார் 30 கிலோ மீட்டர். அங்கிருந்து வேடந்தாங்கல் இன்னும் சுமார் 30 கிலோ மீட்டர். வழியில் நின்று இளநீர் குடித்துப் போய்ச் சேரும்போது உச்சி வெயில்!

கரையில் நிழல் குறைவு. பெரிய பறவைகளில் பாதி இரை தேடப் போய்விட்டன. இருப்பவை வெயிலில் அசையாமல் உட்கார்ந்திருக்கின்றன. தண்ணீருக்கு அப்பால் மரத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். பாட்டியின் கண்ணுக்கு அது பறவையா, துணியா என்றே தெரியவில்லை.

"இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்கிறார் பாட்டி.

சாயங்காலம் வரை காத்திருக்கலாம் என்றால் அறையைக் காலி செய்யும் நேரம் முடிந்துவிட்டது. பெட்டி எல்லாம் வண்டியில். குழந்தைகள் சிணுங்குகிறார்கள். வண்டியைச் சென்னைக்குத் திருப்புகிறார்கள்.

மூன்று மணி நேரம் கழித்து, பாட்டி பார்க்க ஆசைப்பட்ட காட்சி அதே ஏரியில் நடக்கிறது. பார்க்கப் பாட்டி இல்லை!

தப்பு எங்கே? அறையில் தப்பு இல்லை. லாட்ஜ்காரர் மேலும் தப்பு இல்லை. எதை, எந்த நேரத்தில் பார்க்கப் போகிறோம் என்று யோசிக்காமல் அறை எடுத்ததுதான் தப்பு.

காலையில் கோவில், மாலையில் பறவை

முதலில் நேரம். பிறகு ஊர். அதற்குப் பிறகுதான் அறை. இந்த வரிசையை மறக்கக்கூடாது.

மாமல்லபுரம் காலையில் பார்க்க வேண்டிய ஊர். கடற்கரைக் கோவில் கிழக்கே கடலைப் பார்த்து நிற்கிறது. இளவெயில் அதன் மேல் விழும்போது பார்க்க வேண்டும். பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்தில், 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கோவில் அது. ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு என்று ஒவ்வொன்றாக நடந்து பார்க்கவும் காலை நேரம்தான் நல்லது. 10 மணிக்கு மேல் பாறை சுடத் தொடங்கும். வயதானவர்கள் தாங்கமாட்டார்கள். இந்தச் சின்னங்கள் 1984இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை.

வேடந்தாங்கலுக்கு இரண்டு நேரம் உண்டு. பொழுது விடியும்போது பறவைகள் புறப்படும். மாலை 4 மணிக்கு மேல் திரும்பும். வக்கா என்ற பறவை மட்டும் நேர்மாறு. மற்றவை வீடு திரும்பும்போதுதான் அது இரவு வேலைக்குப் போகிறவரைப் போலக் கிளம்பும்!

ஆகவே, ஒரே நாளில் இரண்டையும் பார்க்க நினைப்பவர்கள் முதல் நாள் இரவே மாமல்லபுரம் போய்த் தங்கலாம். விடியற்காலையில் கோவில். 11 மணிக்குள் அறையைக் காலி செய்துவிடலாம். வழியில் திருக்கழுக்குன்றம். சாப்பாடு, கொஞ்சம் ஓய்வு. மாலை 4 மணிக்கு வேடந்தாங்கல்.

திருக்கழுக்குன்றத்திலும் ஒரு பறவைக் கதை இருக்கிறது. மலை மேல் வேதகிரீசுவரர் கோவில். 500க்கு மேற்பட்ட படிகள். நடுப்பகலில் இரண்டு கழுகுகள் வந்து, அர்ச்சகர் கொடுக்கும் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுப் பறந்து போகும். அதைப் பார்க்க ஒரு காலத்தில் கூட்டம் அலைமோதியது. 1990களின் கடைசிக்குப் பிறகு கழுகுகள் வருவது நின்றுவிட்டது. விருந்தாளியாக வந்த பறவை ஒரு தடவை வராமல் நின்றுவிட்டால், திரும்ப வரவழைப்பது எவ்வளவு கஷ்டம்!

நான்கு ஊர், எது யாருக்கு?

வேடந்தாங்கல்: இங்கே வனத்துறையின் ஓய்வு விடுதி உண்டு. அறைகள் மிகக் குறைவு. முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். நேரே போய்க் கதவைத் தட்டினால் ஏமாற்றம்தான். அறை கிடைத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். மாலைக் காட்சியும் காலைக் காட்சியும் இரண்டும் அவர்களுக்குத்தான். பறவைகளையே பார்க்க வேண்டும், ஆடம்பரம் வேண்டாம் என்பவர்களுக்கு ஏற்ற இடம்.

மதுராந்தகம்: வேடந்தாங்கலுக்கு 15 கிலோ மீட்டருக்குள். ரயில் நிலையம், பஸ் வசதி, கடைத்தெரு உண்டு. எளிய லாட்ஜ்கள்தான். மாலையில் பறவை பார்த்துவிட்டு இரவு இங்கே தூங்கி, விடியுமுன் மறுபடி ஏரிக்கரைக்குப் போகலாம். காலையில் ராமரையும் பெரிய ஏரியையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பலாம். செலவைச் சுருக்க வேண்டிய குடும்பத்துக்கு நல்ல இடம்.

செங்கல்பட்டு: ரயில் சந்திப்பு. சென்னையிலிருந்து மின்சார ரயிலில் வரலாம். ஆஸ்பத்திரி, மருந்துக் கடை, ஓட்டல் எல்லாம் பக்கத்தில். வடக்கே சென்னை, கிழக்கே மாமல்லபுரம், தெற்கே வேடந்தாங்கல், மேற்கே காஞ்சிபுரம். எந்தப் பக்கமும் போக வசதி. கைக்குழந்தையோ நோயாளியோ உடன் இருந்தால் இந்த ஊரைப் பற்றி யோசிக்கலாம்.

மாமல்லபுரம்: அறைகளுக்குப் பஞ்சமே இல்லை. அரசு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் கடற்கரை விடுதி இருக்கிறது. ஒத்தவாடைத் தெரு போன்ற இடங்களில் தனியார் விடுதிகள் நிறைய. ஊருக்கு வெளியே கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெரிய பணக்கார விடுதிகளும் உண்டு. சிற்பங்களையும் கடலையும் முக்கியமாக நினைப்பவர்களுக்கு இதுதான் இடம். ஊருக்குள் தங்கினால் கோவில்களுக்கு நடந்தே போகலாம். ஆட்டோ செலவு மிச்சம்.

அறை எடுக்குமுன் கேளுங்கள்!

பணம் கொடுத்த பிறகு கேள்வி கேட்டுப் பயன் இல்லை. முன்னாலேயே கேட்க வேண்டியவை சில:

1. வாடகை எத்தனை பேருக்கு? கூடுதல் ஆளுக்கும் கூடுதல் மெத்தைக்கும் எவ்வளவு? வரி சேர்த்தா, சேர்க்காமலா?

2. கணக்கு 24 மணி நேரமா, மதியம் வரையா? சில விடுதிகளில் நீங்கள் வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் கணக்கு. சில இடங்களில் எப்போது வந்தாலும் மறுநாள் பகலில் காலி செய்ய வேண்டும். இரவு 10 மணிக்குப் போகிறவருக்கு இரண்டாவது கணக்கில் நஷ்டம்.

3. அறை எந்த மாடியில்? லிப்ட் உண்டா? பாட்டி, தாத்தா வந்தால் தரைத்தளம் கேளுங்கள். கழிவறை உட்கார்ந்து எழ வசதியானதா என்பதையும் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். இரவில் அவதிப்படப்போவது அவர்கள்தான்.

4. தண்ணீர் எப்படி? கடற்கரை ஊர்களில் உப்புத் தண்ணீர் வருவது உண்டு. குடிக்க நல்ல தண்ணீர், குழந்தைக்கு வெந்நீர் கிடைக்குமா?

5. விடியற்காலை 5 மணிக்கு வாசற்கதவு திறப்பார்களா? டீ, பால் கிடைக்குமா? பறவை பார்க்கப் போகிறவருக்கு இது முக்கியம்.

6. தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா? ஜன்னல் மூடுகிறதா? பெட்டியைக் கீழே வைக்குமுன் இதைப் பாருங்கள். கொசு வராமல் ஜன்னலுக்கு வலை இருந்தால் நல்லது.

செல்போனில் படம் பார்த்து அறை எடுப்பது இப்போது சுலபம். படத்தில் எல்லா அறையும் அரண்மனைதான்! அதனால் விடுதிக்கே போன் செய்து ஒரு தடவை பேசிவிடுங்கள். முன்பின் தெரியாதவர் அனுப்பும் கணக்குக்கு முழுப் பணத்தையும் அனுப்பிவிடாதீர்கள். அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

கூட்டமும் கடலும்

பறவைக் காலமும் மாமல்லபுரத்தின் கூட்டக் காலமும் ஒன்றுதான். டிசம்பர், ஜனவரியில் அங்கே நாட்டிய விழா நடக்கும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் விடுமுறையும் அப்போதுதான். காணும் பொங்கலன்று கடற்கரையில் கால் வைக்க இடம் இருக்காது. வாடகையும் ஏறியிருக்கும். முடிந்தவர்கள் வார நாளில் போகலாம். முடியாதவர்கள் பல நாள் முன்னதாகவே அறையை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நவம்பர், டிசம்பர் புயல் காலமும்கூட. 2022 டிசம்பரில் 'மாண்டஸ்' புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. புறப்படுமுன் வானிலை அறிவிப்பைக் கேளுங்கள். ஏரியில் தண்ணீர் இருக்கிறதா, பறவை வந்துவிட்டதா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. கடலுக்குப் பக்கத்தில் அறை எடுத்தால், குழந்தைகள் மேல் ஒரு கண் இருக்க வேண்டும். மாமல்லபுரக் கடல் அலை இழுக்கும் கடல். குளிக்க ஏற்றது அல்ல. அறையிலிருந்து கடல் தெரிந்தால் போதும். குழந்தை தனியாக அங்கே போகக்கூடாது!

ஜப்பானில் எப்படி?

பழைய நகரங்களில் எங்கே தங்குவது என்ற கேள்வி உலகம் முழுவதும் உண்டு. ஜப்பானில் கியோட்டோ என்று ஒரு நகரம். 794 முதல் ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஜப்பானின் தலைநகராக இருந்தது. கோவில்கள் நிறைந்த அந்த ஊரை நம்முடைய காஞ்சிபுரத்துக்கு ஒப்பிடலாம்.

அங்கே புது மாதிரி ஓட்டல்களும் இருக்கின்றன. 'ரியோகான்' என்ற பழைய மாதிரி விடுதிகளும் இருக்கின்றன. ரியோகானுக்குள் செருப்போடு போகக்கூடாது. தரையில் கோரைப் பாய் விரித்திருக்கும். கட்டில் கிடையாது. இரவில் பாய் மேல் மெத்தை போடுவார்கள். சாப்பாட்டுக்கு நேரம் குறித்திருப்பார்கள். அதற்குள் போய்ச் சேர வேண்டும். பாயில் படுத்துப் பழகிய நமக்கு இது ஒன்றும் புதிது அல்ல. முழங்கால் வலிக்காரர்களுக்குத்தான் கஷ்டம். அவர்கள் ஓட்டல் பார்த்துக்கொள்வது நல்லது.

ஜப்பானில் யமனாஷி என்ற பகுதியில், மலைகளுக்கு நடுவே ஒரு வெந்நீர் ஊற்று விடுதி இருக்கிறது. 705இல் தொடங்கியது என்று கணக்கு. உலகிலேயே மிகப் பழைய விடுதி என்று கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றது. நம் கடற்கரைக் கோவில் எழுந்த காலமும் ஏறக்குறைய அதுதான்!

ஆனால் கியோட்டோவில் இப்போது ஒரு தொல்லை. பயணிகள் கூட்டம் தாங்க முடியவில்லை. 2018இல் தங்குகிறவர்களுக்குத் தனி வரி போட்டார்கள். கியோன் என்ற பழைய வட்டாரத்தில் பயணிகள் வீட்டு வாசல் வரை போய் வழி மறித்துப் படம் எடுத்தார்கள். ஊரார் பொறுத்துப் பார்த்தார்கள். 2024இல், "தனியார் சந்துகளுக்குள் வரக்கூடாது" என்று பலகை வைத்துவிட்டார்கள்.

விருந்தாளி அளவு மீறினால் வீட்டுக்காரர் கதவைச் சாத்துவார். எந்த ஊருக்கும் இது பொருந்தும்.

வீட்டுக்காரர்கள் இரண்டு பேர்

வேடந்தாங்கலில் பயணிக்கு இரண்டு வீட்டுக்காரர்கள். ஒருவர் ஊரார். மற்றவர் பறவை.

ஏரிக்கரையில் பாட்டுப் பெட்டி வேண்டாம். கை தட்டிப் பறவையைக் கிளப்ப வேண்டாம். கூட்டில் குஞ்சு இருக்கும் காலத்தில் தாய்ப்பறவை மிரண்டு பறந்தால், குஞ்சு வெயிலில் வாடும். காக்கையும் பருந்தும் கொத்திக்கொண்டு போகும். தண்ணீர்ப் பாட்டிலையும் தின்பண்டக் காகிதத்தையும் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். ஒரு பைனாகுலர் இருந்தால் போதும். பறவை பக்கத்தில் வந்துவிடும். நாம் பக்கத்தில் போக வேண்டியது இல்லை.

தீபாவளிச் சந்தோஷத்தையே விட்டுக்கொடுத்த ஊர் அது. ஒரு மாலை நேரம் நாம் வாயை மூடிக்கொண்டு நிற்கக்கூடாதா?

பாட்டி பார்த்தார்!

அந்தக் குடும்பத்தை மறுபடி நினைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு அவர்கள் மறுபடி புறப்படுகிறார்கள். இந்தத் தடவை அப்பா முன்னதாகவே போன் செய்து மதுராந்தகத்தில் அறை எடுத்திருக்கிறார். தரைத்தளம். கடல் தெரியாது. அலங்காரம் எதுவும் இல்லை. சுத்தமான பாத்ரூம், நல்ல தண்ணீர், சரியான தாழ்ப்பாள். வாடகையும் குறைவு.

பகலில் அறையில் பெட்டியை வைத்துவிட்டு, சாப்பிட்டு, பாட்டி ஒரு தூக்கம் போடுகிறார். மாலை 4 மணிக்கு ஏரிக்கரை. பாட்டிக்கு நாற்காலி வேண்டாம், கரையிலேயே உட்கார்ந்துகொள்கிறார்.

வானத்தில் கோடு தெரிகிறது. கோடு நெருங்குகிறது. தலைக்கு மேலே சிறகுச் சத்தம். ஒரு நாரை கூட்டில் இறங்குகிறது. குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டு கத்துகின்றன.

"பாத்தியாடா! பிள்ளைங்களுக்குச் சாப்பாடு கொண்டாந்திருக்கு!" என்று பேரனிடம் மெல்லிய குரலில் சொல்கிறார் பாட்டி.

இருட்டுகிறது. பறவைகள் கிளைகளில் அடங்குகின்றன. குடும்பம் எழுந்து நடக்கிறது. "ராத்திரி எங்கே தங்கப் போறோம்?" என்று இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை.

அறைச் சாவி அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது!